வகைக்குள் அடங்காதவர்

எம் இல்லத்துப் பெண் மணமாகிச் சென்ற பின்னர், மன்னார்குடி வீட்டின் பரணில் அவள் விட்டுச்சென்ற விலங்கியல் ஏடு ஒன்று எம் கைக்குக் கிடைத்தது. அதன் நடுப்பக்கத்தில் பென்சிலால் வரைந்த ஒரு கிண்ணம். வாய் அகன்று, அடி குறுகி, கொம்புபோல் சற்றே வளைந்திருந்தது. 'ஆழ்கடல் கற்பவளம், தனித்து வாழ்வது' என்று கீழே குறித்திருந்தாள். அந்தப் படம் எம்மை ஒரு கேள்வியின்முன் நிறுத்திற்று. பொருள்களையும் மனிதரையும் வகை பிரித்தே பழகிய நாம், நம் வகைகளுக்குள் அடங்காதவர்க்கு என்ன கடன்பட்டிருக்கிறோம்?

பவளம் என்றதும் நகைக்கடையின் சிவப்புப் பவளம் நம் நினைவுக்கு வரும். அது எட்டு உணர்கொம்புகள் கொண்ட வேறொரு குலத்தைச் சேர்ந்தது. கற்பவளங்களோ ஆறின் மடங்குகளில் அமைந்தவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்து திட்டுகளாக வளர்பவை இவற்றுள் பெரும்பாலும் கூட்டுயிர்கள். அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி, வெயிலைக்கொண்டு உணவு ஆக்கித் தருகிறது. வெயில் எட்டாத ஆழத்தில் அந்தத் துணை கிடையாது. அங்குள்ள தனிப்பவளம், நீரோட்டத்தில் மிதந்து வரும் சிற்றுயிர்களைக் கொட்டும் அணுக்கள் நிறைந்த தன் உணர்கொம்புகளால் பிடித்து உண்கிறது. உண்பதற்கும் கழிப்பதற்கும் அதற்கு ஒரே வாய்தான்.

அத்தகைய மெல்லுடல், கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணத்தை எடுத்துத் தன் இல்லத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. வெளிச்சுவர் ஒரு கிண்ணம். அதன் உட்புறத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தட்டுச் சுவர்கள் எழுகின்றன. முதற்சுற்றில் 6, அடுத்ததில் 6, மூன்றாவதில் 12, நான்காவதில் 24. ஆக 48 என்பது பல இனங்களில் காணும் ஒழுங்கு. நடுவே ஒரு தூண். சிலவற்றில் அதனைச் சூழ்ந்து சிறு மடல்களின் வட்டம். அறிஞர்கள் இச்சுவர்களை எண்ணியே நெடுங்காலம் இனம் பிரித்தார்கள்.

நம் கடல்களின் ஆழத்தை இவ்வாறு ஆராய்ந்தவர்களுள் ஆல்காக் குறிப்பிடத்தக்கவர். 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் அளவைக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் பணியாற்றிய அவர், அக்கப்பல் ஆழ்கடலிலிருந்து வாரியெடுத்த கற்பவளங்களை விவரித்து 1898இல் ஒரு நூல் வெளியிட்டார். 'கேரியோஃபில்லியா அம்ப்ரோசியா' என அவர் பெயரிட்ட இனம், வளர்ந்த பின் எதனையும் பற்றிக்கொள்ளாமல் சேற்றுத் தரையில் தனித்துக் கிடப்பது. முதற்சொல் கிராம்பையும் மறுசொல் அமுதையும் குறிக்கும் கிரேக்க வேர்கள் உடையவை. ஒருவர் கண்ணிலும் படாமல் இருளில் கிடந்ததற்கு எத்தனை அழகிய பெயர்!

ஆயினும் கண்ணால் கண்ட வடிவம் உறவைச் சொல்லிவிடுமா? 1996இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, எலும்புக்கூட்டை வைத்து வகுத்த பழைய பெரும்பிரிவுகள் பல, உண்மை உறவோடு பொருந்தவில்லை என்று காட்டிற்று. வட அட்லாண்டிக்கின் ஆழத்தில் பெருந்திட்டுகளை எழுப்பும் கூட்டுப்பவளம் ஒன்றை லின்னேயசு 1758இல் பெயரிட்டார். பின்னர் அது 'லோஃபீலியா' எனத் தனிப் பேரினமாக வைக்கப்பட்டது. 2016இல் மரபணுச் சான்று கண்ட ஆய்வாளர்கள், தனித்து வாழும் 'டெஸ்மோஃபில்லம்' என்னும் பேரினத்திலேயே அதைச் சேர்த்தார்கள். கூட்டமாய் வாழ்வதும் தனித்து வாழ்வதும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்! நூறாண்டுக்கும் மேலாக வழங்கிய பெயரை மாற்ற அவர்கள் நாணவில்லை.

இதைப் படித்தபோது எம் இல்லத் திருமணம் நினைவுக்கு வந்து எம்மைச் சுட்டது. அழைப்பிதழ் கொடுக்கப் பட்டியல் எழுதினோம். தந்தை வழி, தாய் வழி, சம்பந்தி வழி, அலுவலகம், தெருக் குடும்பங்கள் எனத் தலைப்புகள் இட்டோம். எம் தெருக்கோடியில் மணம் செய்துகொள்ளாமல் தனியே வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பெயர் எந்தத் தலைப்பின்கீழும் வரவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கசா புயல் கரை கடந்து, மின்சாரமின்றி மோட்டார்கள் ஓய்ந்து கிடந்த நாள்களில், எம் தெரு முழுவதும் குடம் ஏந்தி நின்றது அவர் வீட்டுக் கைப்பம்பின்முன்தான். திருமணம் முடிந்த மறுவாரம் தவற்றை உணர்ந்து அவரிடம் சென்றோம். "மறதி எல்லாருக்கும் வருவதுதானே, விடுங்கள்" என்று சிரித்தார். மறதியாக இருந்திருந்தால் எமக்கு ஆறுதலாயிருக்கும். அவரை நாம் மறக்கவில்லை. எம் பட்டியலில் அவருக்கு ஓர் இடம் இருக்கவில்லை. 'குடும்பம்' என்று தலைப்பிட்ட அக்கணமே அவர் வெளியே நின்றுவிட்டார்.

வகை பிரிக்காமல் வாழ முடியுமா என்று கேட்கலாம். முடியாது. குறுவை, சம்பா, தாளடி என்று பட்டம் பிரித்தறியாதவர் இந்த வண்டல் மண்ணில் பயிரிட இயலாது. பெயரும் பகுப்பும் அறிவின் கைவிளக்குகள். பிழை, பகுப்பதில் இல்லை. நாம் வகுத்த கட்டத்தையே உலகம் என்று நம்பிவிடுவதில் இருக்கிறது. மறதிக்கு மன்னிப்புக் கேட்டு முடித்துவிடலாம். கட்டத்தின் குறையைக் கட்டத்தைத் திருத்தித்தான் போக்க வேண்டும்.

தனிமை தன்னளவில் உயர்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தப் பவளம் தனிமையைத் தேர்ந்துகொள்ளவும் இல்லை, அதற்காக வருந்தவும் இல்லை. அதனிடம் அறம் தேடுவது வீண். அறம், அதைப் பகுத்தவர்களிடம் இருக்கிறது. சான்று வேறாகத் தெரிந்ததும், பவளத்தைக் குறை கூறாமல் தங்கள் ஏட்டைத் திருத்தினார்களே, அந்த நேர்மையை நாம் கற்கலாம். கணவரை இழந்தவர், மணம் செய்யாதவர், பிள்ளைகள் அயல்நாடு சென்றபின் தனித்திருக்கும் முதியவர் எனத் தெருவுக்கு ஒருவரேனும் இருக்கிறார். அவரை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவது என்று திகைப்பதை விட்டு, தலைப்பை மாற்றுவோம்.

எம் இல்லத்தில் அடுத்த திருமணம் தை மாதம். இம்முறை தலைப்பு எதுவும் இடாமல், தெருக்கோடியிலிருந்தே பட்டியலைத் தொடங்கியிருக்கிறோம்.