நசுங்கியதும் நசுக்கியதும்

மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றி நீங்கள் எந்தக் குறிப்பைப் படித்திருந்தாலும், இரண்டாவது அல்லது மூன்றாவது வரியில் அந்த விபத்து வந்துவிடும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி, ஐந்து வயது, பள்ளிக்கூடம் போகும் வழி, ஒரு பேருந்து, வலது கால் நசுங்கியது. அடுத்த வரி 2016க்குத் தாவும். ரியோ பாராலிம்பிக், உயரம் தாண்டுதல், 1.89 மீட்டர், தங்கம்.

'நசுங்கியது' என்ற சொல்லில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதுதான். திருந்தினான் என்றால் தானாக. திருத்தினான் என்றால் வேறொருவர் வேண்டும். நசுங்கியது என்பதில் உள்ள 'ங்' போய் 'க்' வந்தால் போதும், அந்த வாக்கியத்துக்குள் ஓட்டுநர் வந்துவிடுவார். அவர் வந்தால் அவருக்குப் பின்னால் பேருந்தின் உரிமையாளர் வருவார், இழப்பீடு வரும், நீதிமன்றம் வரும். அந்தக் குடும்பம் இழப்பீட்டுக்காகப் பல வருஷம் அலைந்ததாகச் செய்திகளில் வந்தது. ஆனால் ஊக்கமூட்டும் குறிப்புகளில் அதற்கு இடமில்லை. கால் தானாக நசுங்கியது, பையன் தானாக எழுந்தான், தானாகத் தாண்டினான்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த இலக்கணம் நன்றாகப் பழக்கம். சர்வர் விழுந்தது, டேட்டா அழிந்தது என்றுதான் அறிக்கை எழுதுவோம். யார் அழித்தார், அவரை அழிக்க விட்ட அமைப்பு எது என்று தோண்டினால்தான் அடுத்த முறை அது நடக்காமல் பார்த்துக்கொள்ள முடியும். அறிக்கையை நன்றாகப் படிப்பவர் முதலில் தேடுவது, எந்த வினைக்கு எழுவாய் காணாமல் போயிருக்கிறது என்பதைத்தான்.

சிறுகதையிலும் இப்படித்தானே பலதும் விடுபட்டிருக்கும் என்று கேட்கலாம். உண்மைதான். புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' கதையில் அம்மாளுவோடு சந்துக்குள் போகிறவனுக்குப் பெயர் கிடையாது. அங்கே என்ன நடந்தது என்பதற்கு வர்ணனையும் இல்லை. அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால்கஞ்சி வேண்டும், அவள் கைக்கு முக்கால் ரூபாய் வருகிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த இருட்டை ஆசிரியர் வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறார். நாமே அதை நிரப்ப வேண்டும், நிரப்பும்போது கற்பு பற்றிய நம்முடைய தீர்ப்பு என்னவென்று நமக்கே தெரிய வேண்டும். எத்தனை முறை, எப்படி நிரப்பினாலும் அம்மாளுவுக்கு ஒன்றும் ஆகாது. அவள் கதைக்குள் இருக்கிறாள்.

மாரியப்பன் கதைக்குள் இல்லை. விடுபட்டவை ஒரு நிஜமான குடும்பத்தின் வருஷங்கள். அவற்றை நம் கற்பனையால் நிரப்புவது அத்துமீறல். அங்கே ஒன்றும் இல்லை என்பதுபோலக் கடந்து போவதும் சரியில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசகர் என்னதான் செய்வது?

இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு தவறு நடந்தது, இதே சமவெளியில். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010இல் வந்தது. 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியபோது, முழு நாவலிலிருந்து சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டுக் கைமாறின. புனைவு அங்கே ஊரின் ஆவணமாக, உயிரோடிருக்கும் பெண்களின் வாழ்க்கைக் குறிப்பாக வாசிக்கப்பட்டது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டிவந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் நிலைமை மாறியது.

திருச்செங்கோட்டில் கதையை வாழ்க்கையாகப் படித்தார்கள். பெரியவடகம்பட்டியைப் பற்றிப் படிக்கும்போது நாம் வாழ்க்கையைக் கதையாகப் படிக்கிறோம். முதலாவதில் ஒருவர் பேனாவைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. இரண்டாவதில் யாருக்கும் சேதமில்லை என்று தோன்றும். அந்த நினைப்பைத்தான் சோதிக்க வேண்டும்.

சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்கொள்வோம். தறி வேலைக்குப் போன அப்பா, ரோட்டோரம் கடை போட்ட அம்மா, டென்னிஸ் பந்தில் யார்க்கர். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வலைப்பந்துவீச்சாளராகப் போய், ஒருநாள், டி20, டெஸ்ட் என மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். அதை எழுதிய எல்லோரும் 'வறுமையை வென்றார்' என்றார்கள். சரி, வறுமை எதிரணி என்றால் அதே மைதானத்தில் அவரோடு பந்து போட்ட மற்றப் பையன்கள் யார்? தோற்றவர்களா? ஒரு வினைச்சொல் அவர்கள் மேல் தீர்ப்பு எழுதிவிடுகிறது, அவர்கள் பெயர்கூடத் தெரியாமல். சேதம் இங்கேதான்.

2015இல் ரஞ்சி ஆட்டத்தில் அறிமுகமானதும் அவர் பந்துவீச்சு முறை மீது சந்தேகம் எழுந்தது. அதைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார் என்று ஒரே வரியில் முடிப்பார்கள். சிறுகதை எழுதுகிறவர் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டார். நாமோ அவர் மனதுக்குள் என்ன ஓடியது என்று கற்பிக்கக் கூடாது. ஆனால் கேட்கலாம். திருத்திக்கொள்ள யார் உதவினார்கள்? எங்கே தங்கினார்? செலவு யாருடையது? உள்ளத்தைப் பற்றி ஊகிக்காமல், எழுவாயைப் பற்றிக் கேட்பது. வாழ்க்கை வரலாற்றில் நெருங்கி வாசிப்பது என்றால் அதுதான் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் எதுக்கு, கிராமத்துப் பையனுக்கு நம்பிக்கை கிடைத்தால் போதாதா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. ஆனால் 'தன்னம்பிக்கை' எங்கே கிடைக்கும் என்று அந்தப் பையனால் விலாசம் கேட்க முடியாது. ஜெயபிரகாஷ் என்ற பெயரைச் சொன்னால் கேட்க முடியும். ஊரில் நடராஜனைக் கண்டுபிடித்து வழிநடத்தியவர் அவர். நடராஜன் ஐபிஎல் சட்டையின் முதுகில் 'ஜேபி நட்டு' என்று போட்டுக்கொண்டார். செய்திகள் விட்டுவிட்ட எழுவாயை அவரே இரண்டு எழுத்தில் எழுதி வைத்தார். 2023இல் சின்னப்பம்பட்டியில் ஒரு கிரிக்கெட் மைதானமும் திறந்தார். வறுமையை வெல்ல மனசு மட்டும் போதும் என்று நம்பியிருந்தால் மைதானம் எதற்கு?

இன்னொன்றும் உண்டு. சிறுகதைக்கு முடிவு இருக்கிறது, வாழ்க்கைக்கு அப்படியில்லை. மாரியப்பனின் குறிப்பைப் பலர் 1.89இல் முடித்துவிடுவார்கள், தங்கத்தில் முடிந்தால் கதைக்கு நல்லது என்பதால். அவர் டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளியும், 2024இல் பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலமும் வாங்கினார். கதையாகப் படித்தால் இது இறங்குமுகம். எண்களை மட்டும் பாருங்கள்: எட்டு வருஷம், மூன்று பாராலிம்பிக், மொத்த வித்தியாசம் நாலு சென்டிமீட்டர். அந்த எட்டு வருஷத்தில் அவரைத் தாங்கியவர்கள் யார் என்று இன்னும் யாராவது எழுத வேண்டியிருக்கிறது.