ஒளிவாளும் வழிபாடும்

1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு அதன் அரங்க அலங்காரக் கலைஞர் ரோஜர் கிறிஸ்டியன் தேடியெடுத்தது பழைய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடியை. படத்தின் நாயகன் லூக் ஏந்திய ஒளிவாள் அதுதான். சண்டைக் காட்சிக்கான வாளின் கைப்பிடிக்குள் ஒரு குட்டி மோட்டார். ஒளியைத் திருப்பியனுப்பும் பூச்சுள்ள கோலை அது சுழற்றும். மின்கம்பி நடிகரின் சட்டைக் கைக்குள் ஒளிந்திருக்கும்.

இன்றைய ரசிகர்களின் வாளில் பாலிகார்பனேட் குழாய், எல்இடி வரிசை, லித்தியம் பேட்டரி. வீசினால் ரீங்காரம். மோதினால் சென்சார் அந்த அதிர்வைப் பிடித்துக்கொள்ள, ஒளி ஒரு கணம் வெளுத்துப் பளிச்சிடும்.

இப்படியொரு பொருள் புனிதமாகுமா?

கேலிக்காகக் கேட்பதல்ல. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 3,90,000 பேர் தம் மதம், அந்தப் படத்தில் ஒளிவாள் ஏந்தும் வீரர்களின் பெயரான ‘ஜெடாய்’ என்று எழுதினார்கள். பலருக்குக் குறும்பு, சிலருக்கு இல்லை. 2016இல் அங்குள்ள அறக்கட்டளை ஆணையம் ஜெடாய் அமைப்பு ஒன்றை மதமாக ஏற்க மறுத்தது. ஆனாலும், பட்டறையில் செய்தது என்பதற்காக வாளைத் தள்ளிவிட முடியாது. மற்ற மதங்களின் சடங்குப் பொருள்கள் பலவும் யாரோ ஒருவர் பட்டறையில் செய்தவைதானே! ஜெடாய்க்காரர்களின் சிக்கல் வேறு. அவர்களின் கதையைச் சொன்ன ஜார்ஜ் லூகாஸ், அதைக் கற்பனை என்றே முன்வைத்தார்.