ஏட்டுச் சுரைக்காய்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. படித்தவனைப் படிக்காதவன் கேலி செய்வதற்கென்றே இது ஏற்பட்டது போலத் தோன்றும். ஆனால் கவனித்துப் பாருங்கள். இதை அடிக்கடி சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள்தாம். ஏட்டோடு பழகியவனுக்குத்தான் ஏட்டின்மேல் சந்தேகம் அதிகம். காகிதத்தில் எழுதிப் பிழைக்கிற எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. எழுத்தில் கற்றது வாழ்க்கைக்கு உதவுமா? உதவினால் எதுவரை உதவும்? எந்த இடத்தில் அதுவே கண்ணை மறைக்கத் தொடங்குகிறது?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு சிலருடைய வாழ்க்கைகளைப் படித்திருக்கிறேன். அவற்றில், அமெரிக்கச் சுதந்திர யுத்தத்தில் பீரங்கிப் படைக்குத் தலைவராக இருந்த ஹென்றி நாக்ஸ் என்பவருடைய வாழ்க்கை இந்தக் கேள்விக்காகவே வாழ்ந்து காட்டியது போல இருக்கிறது. பழமொழியை அது பொய்யாக்குகிறது, பிறகு மெய்யாக்குகிறது, கடைசியில் பழமொழி சொல்லாத ஒன்றையும் சொல்லுகிறது.

1750-ம் வருஷம் பாஸ்டன் நகரத்தில் பிறந்தவர் நாக்ஸ். தகப்பனார் கப்பல் கட்டுகிறவர். தொழிலில் நொடித்துப்போய், குடும்பத்தை விட்டுவிட்டு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனவர், 1762-ல் அங்கேயே இறந்துபோனார். பையன் பள்ளிக்கூடத்தை விட்டான். ஒரு புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பகலெல்லாம் தூசி தட்டுவது, கட்டுக் கட்டுவது. கிடைத்த நேரத்தில் படிப்பது. 1771-ல், இருபத்தொரு வயதில், சொந்தமாக ஒரு கடை திறந்தார். அதற்கு ‘லண்டன் புத்தகசாலை’ என்று பெயர். எந்த லண்டனை எதிர்த்துப் பின்னால் பீரங்கி வைத்தாரோ, அந்த லண்டன் பெயரைத்தான் அன்று பலகையில் எழுதி மாட்டியிருந்தார்.

கடையிலிருந்த புத்தகங்களில் அவர் விரும்பிப் படித்தவை யுத்த சாஸ்திர நூல்கள். கோட்டை கட்டுவது எப்படி, பீரங்கியை நிறுத்துவது எங்கே, குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பவற்றையெல்லாம் அவர் எழுத்தில் கற்றார். 1773-ல் வேட்டைக்குப் போன இடத்தில் துப்பாக்கி வெடித்து இடது கையில் இரண்டு விரல்களை இழந்தார். மறு வருஷம் கல்யாணம். மனைவி லூஸி, அந்த மாகாணத்து ராஜாங்கக் காரியதரிசியின் மகள். பெரிய இடத்துப் பெண், கடைக்காரனைக் கட்டிக்கொண்டாள். யுத்தம் வந்தபோது அவளைப் பெற்றவர்கள் அரசர் பக்கம் நின்று, இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். பிறகு அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை.

1775-ல் யுத்தம் தொடங்கியது. ஆங்கிலேயப் படை பாஸ்டனுக்குள் இருந்தது. வாஷிங்டனுடைய படை வெளியே சூழ்ந்து நின்றது. ஊரைச் சூழ்ந்து என்ன பயன்? பெரிய பீரங்கிகள் இல்லை. அவை இருந்தது வடக்கே முந்நூறு மைலுக்கு அப்பால், அந்த வருஷம் மே மாதத்தில் பிடிபட்ட டைகாண்டரோகா கோட்டையில். நடுவே ஏரி, நதி, மலை, காடு, காலமோ பனிக்காலம். போய்க் கொண்டுவருகிறேன் என்று கிளம்பியவர், இருபத்தைந்து வயதுப் புத்தகக் கடைக்காரர்.

ஏறக்குறைய அறுபது பீரங்கிகள். மொத்த எடை சுமார் அறுபது டன். நாற்பத்திரண்டு சறுக்கு வண்டிகள், எண்பது ஜோடி காளைகள் என்று கணக்குப் போட்டு, டிசம்பர் 17-ம் தேதி வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். பதினாறு, பதினேழு நாட்களில் வந்து சேருவோம் என்பது அதில் கண்ட நம்பிக்கை. ஆனது ஐந்து வாரத்துக்கு மேல். ஒரு நாள் பனி போதாமல் வண்டி நகரவில்லை. ஒரு நாள் அளவுக்கு மீறிய பனியில் நகரவில்லை. ஹட்ஸன் நதியின்மேல் உறைந்திருந்த பனிக்கட்டி பீரங்கியைத் தாங்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? பனிக்கட்டியில் துளைகள் போடச் செய்தார். அடியிலிருந்து தண்ணீர் மேலே பெருகி, இரவில் உறைந்து, பாதை தடித்தது. அப்படியும் ஆல்பனி நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பீரங்கி பனியை உடைத்துக்கொண்டு மூழ்கிவிட்டது. ஊர் ஜனங்கள் வந்து அதைத் தூக்கிக் கொடுத்தார்கள். அந்த நன்றிக்கு அடையாளமாக அதற்கு ‘ஆல்பனி’ என்றே பெயர் வைத்தார்.

1776 மார்ச் 4-ம் தேதி இரவோடு இரவாகப் பாஸ்டனுக்குத் தெற்கே உள்ள குன்றுகளில் பீரங்கிகள் ஏறின. மார்ச் 17-ம் தேதி ஆங்கிலேயப் படை கப்பலேறிப் போய்விட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவியது. ஓர் ஊருக்கே விருந்து வைத்தது.

ஏன் உதவியது? அவர் படித்த எந்தப் புத்தகமும் ஹட்ஸன் நதியில் அந்த வாரத்துப் பனிக்கட்டியின் கனத்தைச் சொல்லவில்லை. அதை அவர் பனிக்கட்டியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். காளையிடம் கேட்டார், ஊர் ஜனங்களிடம் கேட்டார். எழுதிய கணக்கு பொய்த்தபோது பனியின்மேல் கோபம் கொள்ளாமல் கணக்கை மாற்றினார். இப்படி நடப்பவன் கையில் ஏடு விளக்காக இருக்கிறது.

மறு வருஷமே பழமொழி தன் பழியைத் தீர்த்துக்கொண்டது. 1777 அக்டோபர் 4-ம் தேதி, பிலடெல்பியாவுக்கு அருகே ஜெர்மன்டவுன் என்ற ஊரில் விடியற்காலை யுத்தம். நல்ல மூடுபனி. அமெரிக்கர்கள் எதிரியைத் தள்ளிக்கொண்டு முன்னேறுகிறார்கள். வழியில் ஒரு கல்வீடு. அதற்குள் நூற்றுச் சொச்சம் ஆங்கிலேயச் சிப்பாய்கள் புகுந்து கதவடைத்துக்கொண்டார்கள். வீட்டைக் காவலுக்கு ஒரு சிறு படையிடம் விட்டுவிட்டு மேலே போகலாம் என்றார்கள் சிலர். நாக்ஸ் கூடாது என்றார். எதிரி வசமுள்ள கோட்டையைப் பின்னால் விட்டுவிட்டு முன்னே போகக் கூடாது என்பது யுத்த நூல் விதி. வாஷிங்டனும் அதற்கு இணங்கினார். சரணடையச் சொல்வதற்கு வெள்ளைக் கொடியுடன் போன ஓர் இளம் அதிகாரி சுடப்பட்டார். அந்தக் காயத்திலேயே பின்பு இறந்தார். பீரங்கிக் குண்டுகள் கல்சுவரில் பட்டுத் தெறித்தன. வாசலிலும் தோட்டத்திலும் பிணங்கள் விழுந்தன. வீடு விழவில்லை. அன்றைய தோல்விக்குப் பனிமூட்டமும், அதில் தம் படையையே தாம் சுட்டுக்கொண்டதும் காரணங்கள்தாம். என்றாலும் அந்த வீட்டு வாசலில் கழிந்த நேரம் திரும்பி வரவில்லை.

விதி தப்பா? இல்லை. கோட்டைக்கு அது சரியான விதி. ஆனால் எதிரே இருந்தது கோட்டை அல்ல, வீடு. புத்தகத்தில் ‘கோட்டை’ என்ற சொல்லைப் படித்திருந்தவர், கண் முன்னே இருந்த வீட்டின்மேல் அந்தச் சொல்லை ஒட்டிவிட்டு, பிறகு சொல்லோடு யுத்தம் செய்தார். நதிக்கரையில் கணக்கை மாற்றிய மனிதர், இங்கே விதியை மாற்றவில்லை. அன்று அவர் யாருக்கும் தெரியாத கடைக்காரர், இன்று தளபதி. தெரியாதவன் கேட்கிறான்; தெரிந்தவன் சொல்லுகிறான். வித்தியாசம் அவ்வளவுதான்.

இது புத்தியின் பிழை. இதை மன்னித்துவிடலாம். அடுத்ததை அப்படி விட்டுவிட முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

1781-ல் யார்க்டவுனில் நாக்ஸின் பீரங்கிகள் கார்ன்வாலிஸ் பிரபுவின் படையை அடித்து நொறுக்கின. அக்டோபர் 19-ம் தேதி அந்தப் படை சரணடைந்தது. நாக்ஸ் மேஜர் ஜெனரலானார். 1785-ல் யுத்த இலாகாவின் பொறுப்பு வந்தது. 1789-ல் வாஷிங்டன் ஜனாதிபதியானதும் 1794 வரை அதே பொறுப்பில் மந்திரியாக இருந்தார். 1789-ல் அவர் வாஷிங்டனுக்கு ஓர் அறிக்கை எழுதினார். செவ்விந்தியர்கள் இந்த மண்ணில் முதலில் குடியிருந்தவர்கள். மண்ணின் உரிமை அவர்களுடையது. அவர்களுடைய சம்மதத்தாலோ நியாயமான யுத்தத்தாலோ அல்லாமல் அதைப் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்தக் காலத்தில் ஒரு மந்திரி இப்படி எழுதியது பெரிய காரியம். ஆனால் யுத்தங்கள் நிற்கவில்லை. 1791-ல் மட்டும் செவ்விந்தியர்களிடம் ஒரே நாளில் அறுநூறு அமெரிக்கச் சிப்பாய்களுக்கு மேல் மாண்டார்கள். உழுகிறவனுக்கும் வாழ்கிறவனுக்கும் மண்ணில் பாத்தியதை உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

உத்தியோகத்தை விட்டதும் அவர் குடியேறிய இடம், இன்று மெய்ன் மாகாணமாக இருக்கும் வடகிழக்குக் கடற்கரை. லூஸியின் தாய்வழிப் பாட்டனாரின் சொத்து அங்கே இருந்தது. 1630-ல் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு பத்திரத்திலிருந்து வந்த பாத்தியதை அது. லட்சக்கணக்கான ஏக்கர் காடு. மனைவியின் பங்கோடு மற்றப் பங்குகளையும் சேர்த்துக்கொண்டு நாக்ஸ் அங்கே ஒரு பெரிய ஜமீன்தாரானார். தாமஸ்டன் என்ற ஊரில் மாளிகை கட்டினார். சுண்ணாம்புக் காளவாய், மரம் அறுப்பது, செங்கல், கப்பல் என்று ஒன்றுவிடாமல் கைவைத்தார். எல்லாம் கடன் வாங்கிய பணம்.

காட்டில் ஏற்கெனவே ஜனங்கள் இருந்தார்கள். யுத்தக் காலத்திலும் அதற்குப் பின்னும் வந்து, மரத்தை வெட்டி, வேரைப் பிடுங்கி, குடிசை போட்டு உழுதவர்கள். அவர்களில் பலர் பழைய சிப்பாய்கள். அவர் எந்த யுத்தத்தில் பீரங்கி வைத்தாரோ அதே யுத்தத்தில் துப்பாக்கி பிடித்தவர்கள். ‘அரசனோடு சண்டை போட்டு ஜயித்தோம். அரசன் காலத்துப் பத்திரத்துக்கு இன்னும் என்ன உயிர்?’ என்பது அவர்களுடைய கட்சி. பத்திரம் செல்லும், நிலத்துக்கு விலை கொடுங்கள் என்பது நாக்ஸின் கட்சி. நிலம் அளக்க வந்தவர்களைச் சுட்டார்கள். யார் சுட்டது என்று தெரியாமலிருக்க, குடியானவர்கள் செவ்விந்தியர்போல வேஷம் போட்டுக்கொண்டார்கள். 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்தவர்கள் போட்டுக்கொண்ட வேஷமும் அதுவே. இருபத்தைந்து வருஷத்துக்குப் பின் அந்த வேஷம் திரும்பி வந்து, தளபதியின் எல்லைக் கல்லுக்கு முன்னால் நின்றது. அவருக்கு அது அடையாளம் தெரியவில்லை.

நமக்கு இதில் ஒரு சொந்தம் இருக்கிறது. யார்க்டவுனில் தோற்ற அதே கார்ன்வாலிஸ்தான் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்து, 1793-ல் வங்காளத்தில் ஜமீன்தார்களுக்குச் சாசுவதப் பட்டயம் கொடுத்தவர். 1802-ல் அந்த முறை சென்னை ராஜதானிக்கும் வந்தது. உழுதவன் பெயர் ஏறாத அந்தக் காகிதம் நம் ஊர்களில் என்ன செய்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தோற்றவர் இங்கே ஜமீன்தார்களை உண்டாக்கினார். ஜயித்தவர் அங்கே தாமே ஜமீன்தாரானார். யுத்தக் களத்தில் எதிர் எதிரே நின்ற இருவரும் பத்திரத்தின் முன்னால் ஒரே பக்கம் நின்றார்கள்.

நாக்ஸுக்காகவும் பேச வேண்டும். அவர் கொடியவர் அல்ல. தாராளமானவர், விருந்தாளிப் பிரியர், வாஷிங்டன் உயிராக நேசித்த நண்பர். பதின்மூன்று குழந்தைகளைப் பெற்று, மூன்றைத் தவிர மற்றவற்றைச் சிறுவயதிலேயே மண்ணில் வைத்தவர். பத்திரத்தை மதிப்பதும் அற்பமான காரியமல்ல. பத்திரம் இல்லாத ஊரில் தடியெடுத்தவன் தண்டல்காரன். முதலில் அழிகிறவன் ஏழைதான். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் பத்திரம் எதற்காக ஏற்பட்டது? வேரைப் பிடுங்கியவனுடைய உழைப்பை வேறொருவன் கொண்டுபோகாமல் காப்பதற்கு. காக்க வந்ததைக் கொண்டே பறிக்கும்போது, ‘எழுத்து சரியாக இருக்கிறது’ என்று சொல்வது போதுமா? கல்வீட்டைக் கோட்டை என்றதற்கும், குடியானவனை அத்துமீறியவன் என்றதற்கும் வித்தியாசம் என்ன? வித்தியாசம் உண்டு. முதலாவதில் அவருக்கு லாபமில்லை, இரண்டாவதில் இருந்தது. செவ்விந்தியருடைய உரிமை மந்திரியின் கண்ணுக்குத் தெரிந்தது, அது தூரத்தில் இருந்ததால். தம் காட்டிலே உழுதவனுடைய உரிமை தெரியவில்லை. நடுவே தம் கடன் சீட்டுகள் அடுக்கடுக்காக நின்றன.

பழமொழி சொல்லாத விஷயம் என்று நான் முதலில் சொன்னது இதுதான். ஏடு தானாகக் கண்ணை மறைப்பதில்லை. மறைக்க வேண்டும் என்று நாம் விரும்பும்போது, கைக்கு வாகான திரையாக அது இருக்கிறது. பார்க்க விரும்பியவனுக்கு அதே ஏடு பனிக்கட்டியின் கனத்தைக்கூடக் காட்டிக் கொடுத்தது.

1806 அக்டோபர் 25-ம் தேதி, ஐம்பத்தாறாவது வயதில் நாக்ஸ் இறந்தார். விழுங்கிய கோழி எலும்பு உள்ளே தைத்து, சில நாட்களில் உயிரைக் கொண்டுபோயிற்று. கணக்குப் பார்த்தபோது ஆஸ்தியை விடக் கடன் அதிகம். நொடித்துப்போன தகப்பனின் மகன், நொடித்துப்போன தகப்பனாகவே போய்ச் சேர்ந்தார். மாளிகையை 1871-ல் இடித்துவிட்டார்கள். இன்று தாமஸ்டனில் நிற்பது பின்னால் அதைப் போலக் கட்டியது. கென்டக்கி மாகாணத்தில் ஒரு ராணுவ முகாமுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க சர்க்காரின் தங்கப் பாளங்கள் அங்கேதான் பூட்டிக் கிடக்கின்றன. கடனாளியாக இறந்தவருடைய பெயர் கஜானாவுக்கு!

அவரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு அந்த மாளிகையும் நினைவுக்கு வருவதில்லை, அந்தத் தங்கமும் நினைவுக்கு வருவதில்லை. ஆல்பனி ஊர் ஜனங்கள் நதிக்கரையில் நின்று கயிறு போட்டுப் பீரங்கியை இழுக்கிறார்கள். முன்பின் தெரியாத மனிதருக்காக இழுக்கிறார்கள். அவர்களிடம் ஒருவரும் பத்திரம் கேட்கவில்லை. அந்தப் பீரங்கிக்கு அவர்களுடைய பெயரை வைக்கத் தெரிந்த இளைஞருக்கு, பிற்பாடு அந்த நிலத்துக்கு அதை உழுதவர்களின் பெயர் பொருந்தும் என்று தோன்றாமல் போனதே என்பதுதான் என் வருத்தம்.