வலிக்குச் சாட்சி

காய்ச்சலை வெப்பமானி அளக்கும். வலியை அவ்வாறு அளந்து காட்டும் கருவி இன்றுவரை இல்லை. நோயாளியின் சொல்லே அதற்குத் தலையாய சாட்சி. அச்சொல்லை மற்றவர் எவ்வளவுதூரம் நம்பக் கடமைப்பட்டவர் என்பது மருத்துவ வினா மட்டுமன்று, அறவியல் வினாவுமாகும்.

புற்றுநோயின் இறுதிக் கட்டத்திலுள்ளோர்க்கு, வலி மீண்டெழுந்து அவர்கள் வாய்விட்டுக் கேட்ட பின்னரே மோபீன் கொடுக்கும் வழக்கம் மேனாட்டு வைத்தியசாலைகளில் நெடுங்காலம் நிலவியது. நோயாளி மருந்துக்கு அடிமையாகிவிடுவார் என்ற அச்சமே அதற்குப் பெருங்காரணம். (சில கிழமைகளே வாழவிருப்பவரைப் பற்றிய அச்சம் இது!) 1967 இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடக்கிய சிசிலி சாண்டர்ஸ், வலி திரும்புமுன்னரே நேரந்தவறாது மருந்து கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். உலக சுகாதார தாபனம் 1986 இல் வெளியிட்ட மூன்றுபடி முறையும் இதனையே வலியுறுத்தியது. முன்னர் நோயாளி ஒவ்வொரு முறையும் தன் வேதனையை மெய்ப்பித்து இரந்து பெற்றார்; இப்போது அது அவருக்குரியதாகத் தானே வந்தது.

நோயாளியை நம்பியதாலன்றோ அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதி முதல் அபின்சார் மருந்துகள் பெருகிப் பல்லாயிரவர் மாண்டனர் என்று வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் அங்கு வைத்தியர் நம்பியது நோயாளியை மட்டுமன்று. ஒக்சிக்கொன்ரின் பழக்கமாக்குந் தன்மை குறைந்ததெனப் பொய்யாக விளம்பரப்படுத்தியதை அதனைச் சந்தைப்படுத்திய நிறுவனம் 2007 இல் நீதிமன்றில் ஒப்புக்கொண்டது. பின்னர் கட்டுப்பாடுகள் இறுகியபோது, நீண்டகால வலியுடையோர் பலரின் மருந்தளவே சடுதியாகக் குறைக்கப்பட்டது.