கல்விச் சீர்

தமிழகத்துக் கிராமங்களில் அருமையான ஒரு வழக்கம் வளர்ந்திருக்கிறது. தாய்மாமன் சீர் கொண்டுபோவதுபோல, ஊரே திரண்டு மேளதாளத்தோடு அரசுப் பள்ளிக்குப் போகிறது. பீரோ, மின்விசிறி, நாற்காலி, நோட்டுப் புத்தகம், தாம்பாளத்தில் பழம் எல்லாம் தலையிலும் தோளிலும் வரும். வாசலில் ஆசிரியர்கள் சந்தனம், கற்கண்டோடு நிற்பார்கள். அதற்குக் கல்விச் சீர் என்று பெயர்.

வடசென்னைக்கு இது ஏன் வரக்கூடாது? காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்கு அம்மாவோடு போய்விட்டு, கையில் மீன் வாடையோடு தாமதமாக வரும் பிள்ளையிடம், “ஏன் லேட்டு?” என்று கேட்காமல் “சாப்பிட்டியா?” என்று கேட்கும் டீச்சர்கள் இங்கே இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரமெங்கும் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் அதே எண்ணூரின் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். அப்படி ஓடிய பிள்ளைகளை மறுபடி பாடத்தில் உட்காரவைப்பது சின்ன வேலையா?

செப்டம்பர் 5 அன்று ஆசிரியர்களுக்கான டாக்டர் ராதாகிருஷ்ணன் விருதை அரசு சிலருக்குத்தான் தர முடியும். மற்றவர்களுக்கு நாம்தான் இருக்கிறோம். வருகிற ஆசிரியர் தினத்தில், ஐஸ் பெட்டி சுமந்த தோள் ஒரு மின்விசிறியைச் சுமக்கட்டும். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பள்ளிக்கூடத் தெருவில் மேளம் கேட்கட்டும். அந்த டீச்சர்களில் ஒருவரிடம் அ, ஆ எழுதிப் பழகிய மீனவர் ஒருவர் முதல் சீர்த்தட்டைக் கொடுக்கட்டும்.