புரிந்துகொண்டதற்கு ஒரு விருந்து



வேதத்தில் எத்தனையோ விருந்துகளைப் பார்க்கிறோம். கலியாண விருந்து, அறுப்புக்கால விருந்து, காணாமற்போன மகன் வீடு திரும்பியதற்கு அப்பா வைத்த விருந்து. நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் வருகிற விருந்து இவற்றிலிருந்து தனித்து நிற்கிறது. தண்ணீர் வாசலுக்கு முன்னால் ஜனங்கள் கூடுகிறார்கள். எஸ்றா மரத்தாலான பீடத்தின்மேல் ஏறி நின்று, காலை தொடங்கி நடுப்பகல்வரை நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார். லேவியர்கள் ஜனங்களுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுக்கிறார்கள். கேட்டவர்கள் முதலில் அழுதார்கள். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பங்கு அனுப்பி, பெரிய சந்தோஷம் கொண்டாடினார்கள். ஏன் கொண்டாடினார்கள் என்று பன்னிரண்டாம் வசனத்தில் எழுதியிருக்கிறது. தங்களுக்குச் சொன்ன வார்த்தைகள் அவர்களுக்குப் புரிந்துவிட்டன. அவ்வளவுதான்.

வசனம் புரிந்ததற்காக ஒரு ஊரே விருந்து வைத்ததை நான் உகாண்டாவில் பார்த்தேன்.

கிழக்கு உகாண்டாவில் எம்பாலே நகரத்தைத் தாண்டினால் எல்கன் மலைச்சரிவு. வாழைத் தோப்பும் காப்பிச் செடியுமாக மலை ஏறிக்கொண்டே போகும். அந்தச் சரிவில், தகரக் கூரை போட்ட ஒரு சபைக் கட்டடத்தில்தான் வேதாகமப் பள்ளி நடக்கிறது. படிக்கிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே சபை நடத்துகிறவர்கள். வாரத்தில் ஆறு நாள் மண்வெட்டி பிடிக்கிற கை, ஏழாம் நாள் வேதப்புத்தகத்தைப் பிடிக்கும். அதனால் விதைப்பு நாட்களிலும் அறுப்பு நாட்களிலும் பள்ளியை மூடிவிடுவார்கள். மழை பெய்தால் தகரத்தின் சத்தத்தில் ஆசிரியர் பேசுவது கேட்காது. எல்லாரும் எழுதிக்கொண்டதைத் திரும்ப வாசித்துக்கொண்டு மழை நிற்கக் காத்திருப்பார்கள்.

பட்டமளிப்புக்கு முந்தின நாள் வாய்மொழித் தேர்வு நடந்தது. அதைப் பற்றித்தான் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும், விழாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 2010 மார்ச் 1-ஆம் தேதி அந்த மலையின் புடுடா பகுதியில் கனமழையில் மண் சரிந்து வீடுகள் புதைந்துபோயின. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அந்தப் பக்கத்தில் மழைக்காலம் வந்தாலே ஜனங்களுக்கு அந்த ஞாபகம் வரும். தேர்வில் ஆசிரியர் ஒரு மாணவரைக் கேட்டார்: "மண் சரிந்து பிள்ளையைப் பறிகொடுத்த தாய் உங்களிடம் வந்து, நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "நான் போய் அவர்களோடு உட்காருவேன். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது சரியாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்தபோதுதான் தவறினார்கள். அந்தத் தாய் பேசச் சொன்னால், லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தைச் சொல்வேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்று ஆண்டவரே சொல்லிவிட்டார்."

பிரியமானவர்களே, நான் அங்கே போய்ச் செய்த எந்தப் பிரசங்கத்தையும்விட இந்தப் பதில் மேலானது. துக்க வீட்டில் சாபம் என்று சொல்லிக் காணிக்கை கேட்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அந்தத் தாயின் வீட்டுக்கு முதலில் போய்ச் சேருகிறவர் யார் என்பதுதான் கேள்வி. தப்பான போதனை ஆளையே கொல்லும். 2000-ஆம் வருடம் மார்ச் மாதம் உகாண்டாவின் கனுங்குவில், உலகம் முடியப்போகிறது என்று போதித்த ஒரு கூட்டத்தின் ஜெபக்கூடம் எரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். 2023-இல் பக்கத்து நாடான கென்யாவின் ஷாகஹோலா காட்டில் 400-க்கும் மேற்பட்ட உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். பட்டினி கிடந்து செத்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று அங்கே போதித்திருந்தார்கள். அந்த ஜனங்களுக்கு ஆர்வம் குறைவாகவா இருந்தது? பக்தி குறைவாகவா இருந்தது? வசனத்தைச் சரியாகத் திறந்து காட்ட ஆள் இல்லாமல் போயிற்று. வேதாகமப் பள்ளி எதற்கு, ஆவியானவர் போதாதா என்று நம்மிலும் சிலர் கேட்கிறோம். அப்படிக் கேட்கிறவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உகாண்டாவில் படிப்பும் விசுவாசமும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாகத்தான் வளர்ந்தன. ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களை எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக்கினார்கள். 1885 ஜனவரியில் மூன்று இளைஞர்கள் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார்கள். அவர்களும் அப்படி வாசிக்கக் கற்றவர்கள்தான். பில்கிங்டன் என்ற மிஷனரியும், ஹென்றி ரைட் டூட்டா என்ற அந்த மண்ணின் மகனும் சேர்ந்து உழைத்த லுகாண்டா மொழி வேதாகமம் 1896-இல் முழுமையாக வெளிவந்தது. கறையான் அரிக்காமல் இருக்க, பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்குகிற அளவில் அதைக் குட்டையாகவும் தடியாகவும் அச்சடித்தார்கள். வேதப்புத்தகத்தைத் தகரத்துக்குள் வைத்துக் காப்பாற்றிய வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

அந்தத் தலைமுறையில் ஒருவர், அப்போலோ கிவெபுலாயா. 1895-இல் ஞானஸ்நானம் பெற்றபோது இந்தப் பெயரைச் சூடிக்கொண்டார். அப்போஸ்தலர் பதினெட்டில் வருகிற அப்பொல்லோ நமக்குத் தெரிந்தவர். வேதத்தில் வல்லவராயிருந்தும், ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் இன்னும் திருத்தமாகச் சொல்லிக்கொடுத்தபோது உட்கார்ந்து கேட்டுக்கொண்டவர். இந்த அப்போலோவோ மறுவருடமே எல்லை தாண்டி, இன்றைய காங்கோவில் இருக்கும் எம்போகாவுக்குப் போனார். அந்த ஊர்த் தலைவர் அவரை அடித்துத் துரத்தினார். சிறையிலும் போட்டார்கள். விடுதலையானதும் அவர் திரும்பிப் போனது அதே எம்போகாவுக்குத்தான். பின்னாளில் அந்தத் தலைவரே விசுவாசியானார். காங்கோவின் ஆங்கிலிக்கன் திருச்சபை இன்றும் தன் தொடக்கத்தை இவரிலிருந்துதான் எண்ணுகிறது. ஆப்பிரிக்காவுக்குச் சுவிசேஷம் கப்பலில் வந்தது என்றுதான் நாம் பேசிக்கொள்கிறோம். அதில் பெரும்பகுதியை ஆப்பிரிக்கர்களே கால்நடையாகக் கொண்டுபோனார்கள்.

எம்பாலேக்குப் பக்கத்திலேயே புவாலசி என்ற இடத்தில் ஒரு இறையியல் கல்லூரி இருந்தது. 1949-இல் ஜனானி லுவும் என்ற இளம் பள்ளி ஆசிரியர் அங்கே படிக்கப் போனார். இரட்சிக்கப்பட்டு ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. 1974-இல் அவர் பேராயரானார். இடி அமீன் ஆட்சியில் ஜனங்கள் கொல்லப்படுவதைக் கண்டித்து ஆயர்கள் 1977 பிப்ரவரியில் கடிதம் எழுதினார்கள். அந்த மாதம் 16-ஆம் தேதி லுவும் கைது செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். உகாண்டா இன்று அந்த நாளைப் பொது விடுமுறையாக அனுசரிக்கிறது. வேதாகமப் பள்ளியின் சான்றிதழை வாங்க நீளுகிற கை, இப்படிப்பட்ட விலையையும் சேர்த்துத்தான் வாங்குகிறது. அந்த மலைச்சரிவு மாணவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இப்போது விழாவுக்கு வருகிறேன். காலையில் தொடங்க வேண்டியது, தூரத்துக் கிராமத்துக் குடும்பங்கள் வந்து சேரும்வரை காத்திருந்து நண்பகலில் தொடங்கியது. அதில் ஒருவருக்கும் மனவருத்தம் இல்லை. பெண்கள் தோள் கூர்மையாக நிற்கும் கோமேசி உடுத்தியிருந்தார்கள், பெரியவர்கள் வெள்ளைக் கன்சு அங்கி. ஒவ்வொரு பெயராகக் கூப்பிடக் கூப்பிட, அந்தக் குடும்பமே இருக்கையை விட்டு எழுந்து குலவையிட்டுக்கொண்டு முன்னால் ஓடிவந்தது. ஜிகினா மாலை கழுத்தில் விழுந்தது. தேர்வில் அந்தப் பதிலைச் சொன்ன சகோதரரின் தாயார், மகன் சான்றிதழை வாங்குவதற்கு முன்பே மேடைக்கு வந்து ஆடத் தொடங்கிவிட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்று பிறகு சொன்னார்கள். மகன் வாசிக்க, அவர் கேட்பாராம். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு படித்து முடித்த ஒரு சகோதரியும் பட்டம் பெற்றார். அன்றைக்குச் சத்தமான குலவை அவருக்குத்தான். பிறகு மசித்த வாழைக்காய், வேர்க்கடலைக் குழம்பு, கோழிக்கறி. வர முடியாமற்போன முதியவர்களுக்கு வாழை இலையில் பொதிந்து கொடுத்தனுப்பினார்கள். நெகேமியாவில் இருக்கிறபடியே செய்தார்கள்.

நம்மைப் போன்ற விருந்தினருக்குக் கூடாரத்தின் கீழ் மெத்தை நாற்காலி போட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் விருந்தினர் செய்யத்தக்கது, வாழ்த்துரையைச் சுருக்கமாக முடித்துவிட்டுக் கைதட்டுவது. வந்தவர் விலகிக்கொண்டாலும் வேலை நிற்காது. எத்தியோப்பிய மந்திரிக்கு ஏசாயாவின் அர்த்தத்தைச் சொன்ன பிலிப்பை ஆவியானவர் அங்கிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொல்லிக்கொடுத்தவர் கண்ணுக்கு மறைந்த பின்னும் மந்திரி சந்தோஷமாகத்தான் தன் வழியே போனார். ஆப்பிரிக்க மண்ணுக்குப் போன முதல் விசுவாசிகளில் ஒருவர் அவர். ஊழியப் பயணம் போய் வந்தவர்களிடம் நாம் எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள், எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று கேட்கிறோம். நாம் புறப்பட்ட பிறகும் அங்கே போதிக்க யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு வாரப் பெருங்கூட்டத்துக்கு ஆகிற செலவில், இப்படிப்பட்ட பள்ளி பல மாதம் நடக்கும். நம் சபையின் மிஷன் காணிக்கையில் பெரும்பகுதி இனி அதற்கே போக வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த வகுப்பில் தேறியவர்களில் இருவர் அங்கேயே தங்கி, அடுத்த வகுப்புக்குப் பாடம் சொல்லப்போகிறார்கள். இரண்டாம் தீமோத்தேயு இரண்டாம் அதிகாரம் இரண்டாம் வசனத்தை வீட்டுக்குப் போய் வாசியுங்கள். பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்களிடம் கற்கிற மற்றவர்கள் என்று நான்கு தலைமுறை அந்த ஒரே வசனத்தில் இருக்கிறது.

அந்தப் பள்ளியார் நம்மிடம் கேட்டவை கொஞ்சம்தான். ஒரு ஒத்தவாக்கிய அகராதி, சில விளக்கவுரை நூல்கள், இரவில் படிக்க சோலார் விளக்குகள், விதைப்புக் காலத்தில் விருந்தினரை அனுப்பாதிருக்கும் தயவு. விதைப்பு முடிந்ததும் புது வகுப்பு தொடங்குகிறது. சேருகிறவர்களின் பெயர்களை ஜெபக்குழுப் பொறுப்பாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஆராதனை முடிந்து போகும்போது குடும்பத்துக்கு ஒரு பெயராக வாங்கிக்கொண்டு போங்கள். அவர்கள் தேர்வு எழுதுகிற வாரத்தில் உங்களுக்குச் சொல்லி அனுப்புகிறேன்.