பொய்ந்நோயும் மெய்ந்நோவும்

மருத்துவத்தின் உறுப்புகளை நான்காக வகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பணிபுரிவோனையும் சேர்த்தே எண்ணினார். அந்த நான்காமவர்க்கு ஊசி போடவும் நாடி பார்க்கவும் பழகப் பொம்மைகள் உள்ளன. நாவைப் பழக்குவது எங்ஙனம்? பொம்மை புண்படாதே!

இதற்கு விடையாக எழுந்ததே நடிகரை நோயாளியாக்கிப் பயிற்றும் முறை. 1963-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து நரம்பியல் மருத்துவர் ஹோவார்டு பாரோஸ் இதனைத் தொடங்கினார். ஓவியர்க்கு மாதிரியாக அமர்ந்து வந்த பெண்மணி ஒருவர், கால்கள் செயலிழந்த நோயாளியாக நடித்தார். இதன் வித்தோ அதற்கு முன்னரே விழுந்தது. தேர்வுக்கு உதவ வந்த உண்மை நோயாளி ஒருவர், தம்மை முரட்டுத்தனமாகச் சோதித்த தேர்வருக்கு நோய்க்குறிகளையே மாற்றிக் காட்டிவிட்டதாகப் பாரோஸிடம் கூறினாராம். வன்சொல்லுக்கு உடல் தந்த மறுமொழி அது! மருத்துவ மாணவர்க்கென வந்த முறை, பின்னர்ச் செவிலியர் கல்வியிலும் இடம் பெற்றது.

பயிற்சி மாணவி ஒருத்தி, குறிப்பேட்டிலிருந்து கண்ணெடாமல் “பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகாது” என்று சொல்வதாகக் கொள்வோம். பயிற்சி முடிந்ததும் நடிகர் வேடத்தினின்று வெளியே வந்து, “நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, அப்போதுதான் அச்சம் மிகுந்தது” என்பார். மெய்யான நோயாளி இதைச் சொல்வாரா? இரவு மருந்து அதே கையிலிருந்தன்றோ வரவேண்டும்! நடிப்பவர்க்கு மட்டுமே உண்மை பேசும் உரிமை வாய்க்கிறது.

ஒப்பிக்கப்பட்ட பரிவு பரிவாகுமா என்று வினவுவோர் உளர். உள்ளத்தில் நிகழ்வது உடலில் தோன்றுவதை மெய்ப்பாடு என்றனர் நம் இலக்கணத்தார். தொல்காப்பியர் அதனை எட்டாக வகுத்தார். பயிற்சியோ எதிர்த்திசையில் செல்கிறது. முகத்தையும் குரலையும் பழக்கினால் உள்ளம் பின்தொடரும் என்பது அதன் நம்பிக்கை. பின்தொடரும் என்றே நானும் கருதுகிறேன். அதற்குச் சான்று நடிகரே. மகனை இழந்த தாயாகப் பலமுறை அழுதவர், வேடம் கலைந்த பின்னும் நெஞ்சு கனத்து நிற்பதுண்டு.

சிக்கல் இங்குதான். புறம் அகமாகுமென்றால், மாணவிக்குப் பரிவு வரும் அதே வழியில் நடிகர்க்குத் துயரம் வரும். ஒன்றை ஏற்று மற்றதை மறுத்தல் நேர்மையன்று. ஆகவே, அண்மையில் இழப்புற்றவர்க்கு அத்தகைய வேடம் தருதல் ஆகாது. ஒரே துயரை ஒரு நாளில் ஓயாது நடிக்கச் செய்தலும் ஆகாது. வேடம் களைந்து ஆறியிருக்கும் நேரத்தையும் பணிநேரமாகவே கணக்கிட வேண்டும். கூலி கொடுத்தோமே என்பது போதிய விடையன்று.

தில்லிக்கு இன்னொன்றும் தேவை. 2021 ஜூனில் இந்நகரின் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையில், செவிலியர் பணியிடத்தில் மலையாளம் பேசலாகாதென்று ஆணை பிறந்தது. எதிர்ப்பெழவே மறுநாளே திரும்பப் பெறப்பட்டது. மொழி புரியாத நோயாளியின் அச்சமும் மெய். தாய்மொழி மறுக்கப்பட்டவரின் நோவும் மெய். ஆணையால் தீராத இதனைப் பயிற்சிக் கூடத்துக்குக் கொண்டுவரலாம். இந்தியறியாத தமிழ் மூதாட்டியாக ஒருவர் படுத்திருக்கட்டும்; வலி எங்கே என்று வடபுலத்து மாணவி கேட்கட்டும். மூதாட்டியாக நடிக்க நம் சங்க மேடையில் ஆளுக்கா பஞ்சம்?